கனவு வண்டி கிடைச்சாச்சு... மேலே உட்கார்ந்திருப்பது யார்?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இந்த வாரச் சிந்தனை, திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வியில இருந்து பிறந்தது. அவர் சம்மதத்தோட, பேர் சொல்லாம, கேள்வியை அப்படியே தர்றேன்.

"அண்ணா, நான் ஆறாவது படிக்கும்போது எதிர்வீட்டு அண்ணன் ஆர்.எக்ஸ். 100 வச்சிருந்தார். அந்தச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிடுவேன். என்னைக்காவது இந்த வண்டியை வாங்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணேன். 16 வருஷம் ஆச்சு. போன மாசம் 1994 மாடல் ஒண்ணு வாங்கிட்டேன். பழனி அடிவாரத்துல பூஜை போட்டேன். முதல் வாரம் சந்தோஷத்துல தூக்கமே வரலை. மூணாவது வாரம் வண்டியை நிறுத்தி வச்சுட்டுப் பார்க்கிறேன், உள்ளுக்குள்ள என்னமோ வெறுமையா இருக்கு. அம்மா அதுல ஏறவே மாட்டேங்கிறாங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் வாசப்படியிலேயே உட்கார்ந்திருக்காங்க. நான் ஆசைப்பட்டது தப்பாண்ணா? முருகன் கொடுத்ததுன்னா ஏன் மனசு நிறையலை?"

நல்ல கேள்வி. கிடைக்காதவன் அழுவது எல்லாருக்கும் புரியும். கிடைச்சவனுக்கு வர்ற வெறுமையை வெளியில சொல்லவே கூச்சமா இருக்கும். இந்தத் தம்பி சொல்லிட்டார்.

முதல்ல, அந்த வண்டியைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. யமஹா ஆர்.எக்ஸ். 100 நம்ம நாட்டுக்கு 1985-ல வந்தது. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன். வண்டியோட எடை சுமார் 100 கிலோதான். எடை கம்மி, இழுவை ஜாஸ்தி. அதனாலதான் ஆக்ஸிலேட்டரைத் திருகினதும் அப்படிப் பாயும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி வந்த காலத்துல, 1996-ல உற்பத்தி நின்னுபோச்சு. புதுசா வராதுன்னு ஆனதும் பழசுக்கு மவுசு ஏறிடுச்சு. அது ஓடின காலத்துல பிறக்காத பிள்ளைங்க கூட இன்னைக்கு அதைத் தேடி அலையறாங்க. தம்பியோட இடத்துல உங்க கனவு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரா இருக்கலாம், ஜாவாவா இருக்கலாம், ஒரு கேமராவா கூட இருக்கலாம். விஷயம் ஒண்ணுதான்.

இப்போ கேள்விக்கு வருவோம். வாகனத்து மேல ஆசைப்படறது தப்பா?

தப்புன்னு சொல்ற வாய் முருகன் அடியாருக்கு இருக்கக் கூடாது. ஏன்னா நம்ம சாமியே வாகனப் பிரியர்! அருணகிரிநாதர் வேலுக்கு ஒரு விருத்தம் பாடினார், சேவலுக்கு ஒண்ணு பாடினார், மயிலுக்கும் தனியா மயில் விருத்தம் பாடினார். சாமியோட வண்டிக்குன்னு தனி நூல்! அதனால "வண்டி மேல என்னடா இவ்ளோ பைத்தியம்?"னு யாராவது கேட்டா குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஆனா அந்த வாகனங்கள் முருகனுக்கு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கு.

கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்துல தகரேறு படலம்னு ஒரு பகுதி இருக்கு. தகர்னா ஆட்டுக்கடா. நாரதர் ஒரு வேள்வி செய்யறார். அந்த வேள்வித் தீயில இருந்து ஒரு ஆட்டுக்கடா கிளம்புது. நல்ல காரியத்துல பிறந்ததுதான், ஆனா பிடிக்க ஆள் இல்லை. உலகமெல்லாம் முட்டி மோதி நாசம் பண்ணுது. தேவர்கள் ஓடி வந்து குமரன் கிட்ட முறையிடறாங்க. முருகன் வீரவாகுவை அனுப்பறார். அவர் கொம்பைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்தறார். முருகன் அதைக் கொல்லலை. அது மேல ஏறி உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஊரை மிரட்டின கடா சாமிக்கு வாகனம் ஆயிடுச்சு.

அடுத்து சூரசம்ஹாரம். திருச்செந்தூர்ல வருஷா வருஷம் பார்க்கிறோம். சூரபத்மன் கடைசியில கடலுக்கு நடுவுல மாமரமா நிக்கிறான். வேல் அதை ரெண்டாப் பிளக்குது. ஒரு பாதி மயிலாகவும், இன்னொரு பாதி சேவலாகவும் மாறுது. மாறினதும் அது ரெண்டும் அமைதியா வந்து நிக்கலை. அப்பவும் சீறிக்கிட்டு முருகனைத் தாக்கத்தான் வருது! சாமி அருட்பார்வை பார்த்த பிறகுதான் அடங்குது. சேவல் கொடியாச்சு, மயில் வாகனமாச்சு.

ரெண்டு கதையிலேயும் ஒரே விஷயம்தான். வெறி பிடிச்சு ஓடினதை முருகன் அழிக்கலை. அது மேல ஏறி உட்கார்ந்தார். வேகம் அப்படியே இருக்கு, பலம் அப்படியே இருக்கு. மேல உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும் மாறியாச்சு.

தம்பி, ஆசையும் அந்தக் கடா மாதிரிதான். அந்த மயில் மாதிரிதான். ஆசைப்பட்டியான்னு முருகன் கேட்க மாட்டார். 'இப்போ உன் ஆசை மேல நீ உட்கார்ந்திருக்கியா, இல்லை உன் மேல அது உட்கார்ந்திருக்கா?'ன்னுதான் கேட்பார்.

சரி, வெறுமை ஏன் வந்துச்சு?

சூரபத்மன் வாங்கின வரத்தை நினைச்சுப் பாருங்க. 1008 அண்டங்கள், 108 யுகம் ஆட்சி. நமக்கெல்லாம் ஒரு வண்டி, ஒரு வீடு. அவனுக்கு அண்டமே ஆயிரத்தெட்டு! ஆனா அவன் நிம்மதியா உட்கார்ந்தானா? தேவர்களைச் சிறையில போட்டான், அவங்களை மீன் சுமக்க வச்சான். கிடைச்சது போதும்னு இருக்க முடியலை. கையில இருக்கிறதை எண்ணிப் பார்த்து வர்ற நிறைவு அடுத்த எண்ணிக்கை வரைக்கும்தான் நிக்கும். அவன் மனசு எப்போ ஆடி மகிழ்ந்துச்சு? மயிலா ஆகி, முருகனைச் சுமந்த பிறகுதான்.

16 வருஷமா அந்தத் தம்பிக்குள்ள ஒரு ஓட்டம் இருந்துச்சு. சம்பளத்துல மிச்சம் பிடிச்சது, ஊர் ஊராத் தேடினது, ராத்திரி படுத்துக்கிட்டு வண்டி வீடியோ பார்த்தது எல்லாம் அந்த ஓட்டம்தான். வண்டி வந்ததும் ஓட்டம் நின்னுபோச்சு. ஓடின மனசுக்கு நிக்கத் தெரியலை. அதுதான் வெறுமை மாதிரி தெரியுது. இந்த நேரத்துல மனசு என்ன பண்ணும் தெரியுமா? 'சைலன்சரை மாத்து, பெயின்ட்டை மாத்து, இதை வித்துட்டு அடுத்ததை வாங்கு'ன்னு சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டா கடா மறுபடி அவிழ்த்துக்கிட்டு ஓடும்.

அதனால இந்த வெறுமையைப் பார்த்துப் பயப்படாதீங்க. வாகனம் வந்துடுச்சு, அதுல ஏத்த வேண்டியவரை இன்னும் ஏத்தலைன்னு அர்த்தம்.

மேலே யார் இருக்காங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாலு இடத்துல பார்த்தா தெரிஞ்சிடும்.

முதல் இடம், வண்டி வந்த வழி. ஆர்.எக்ஸ். 100 மாதிரி மவுசு ஏறின வண்டிகள்ல திருட்டு வண்டியும் சுத்துது, நம்பரை ராவி மாத்தினதும் சுத்துது. ஆர்.சி. புக்ல இருக்கிற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில வெட்டியிருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கணும். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம்தான், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கணும். இன்சூரன்ஸ் இருக்கணும், புகைச் சான்றிதழ் இருக்கணும், பேர் மாத்தியிருக்கணும். "கம்மி விலைக்கு வருது, பேப்பர் மட்டும் கேட்காதே"ன்னு ஒருத்தர் சொல்றப்போ கை நீளுதுன்னா, ஆசை உங்க மேல ஏறிடுச்சு. எங்கேயோ ஒரு வீட்டுல ஒருத்தர் தன் வண்டி காணோம்னு முருகன் கிட்ட அழுதிருப்பார். அவர் அழுத அதே வண்டிக்கு நாம மாலை போட்டா, சாமி எந்தப் பக்கம் நிப்பார்?

ரெண்டாவது இடம், வேகம். பழைய ஆர்.எக்ஸ். 100-ல முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக்தான். டூ ஸ்ட்ரோக் வண்டியில ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜினே இழுத்துப் பிடிக்கிறது கம்மி. பாயறதுக்கு இருக்கிற தெம்பு நிக்கறதுக்கு இல்லை. இதை எந்த நல்ல மெக்கானிக்கும் சொல்வார். அதனால ஓட்டறவர்தான் முன்கூட்டியே அடக்கி ஓட்டணும்.

இங்கே ஒரு உண்மைச் சம்பவம் சொல்லணும். சண்முக கவசம் தினமும் படிக்கிறோம் இல்லையா, அதை அருளிய பாம்பன் சுவாமிகள் வாழ்க்கையில நடந்தது. 1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெரு. எழுபது வயசைத் தாண்டின சுவாமிகள் தெருவுல நடந்து போறார். வேகமா வந்த ஒரு குதிரை வண்டியோட சக்கரம் அவர் இடது கால் மேல ஏறிடுச்சு. எலும்பு முறிஞ்சு, அரசு பொது மருத்துவமனையில சேர்க்கிறாங்க. வயசையும் முறிவையும் பார்த்து, குணமாகறது கஷ்டம்னு மருத்துவர்கள் சொன்னதா அவர் வரலாறு சொல்லுது. அடியார்கள் சண்முக கவசம் ஓதினாங்க. 11-ஆம் நாள் இரவு, வானத்துல மயில்கள் ஆடி வர்ற காட்சியைச் சுவாமிகள் கண்டார். கால் குணமாச்சு. இன்னைக்கும் திருவான்மியூர்ல அவர் சமாதிக் கோயில்ல மயூர வாகன சேவன விழா மார்கழியில நடக்குது.

இந்தக் கதையை எல்லாரும் அற்புதம்னு கேட்போம். இன்னொரு பக்கம் நின்னும் கேளுங்க. அன்னைக்கு அந்த வண்டியை ஓட்டினவன் யாரோ, பேர் கூட யாருக்கும் தெரியாது. அவனுக்கு என்ன அவசரமோ. தெருவுல போற ஒரு கிழவர்னுதான் அவன் பார்த்திருப்பான். ஆனா சக்கரம் ஏறினது ஒரு மகான் காலு. ஒரு வாகனம் அவரைச் சாய்ச்சது, இன்னொரு வாகனம் வந்து எழுப்பினது. நாம கையில பிடிச்சிருக்கிறது இதுல எந்த வாகனம்? ரோட்டுல குறுக்கே நடக்கிற பெரியவர், தண்ணிக் குடம் தூக்கிட்டுப் போற அம்மா, பள்ளிக்கூடப் பிள்ளை... இதுல யார் யாருன்னு நமக்குத் தெரியாது. எல்லாரையும் பாம்பன் சுவாமிகளா நினைச்சு ஓட்டினா தப்பே வராது.

மூணாவது இடம், சத்தமும் புகையும். அந்தச் சத்தத்துக்காகத்தான் வாங்கினோம், சரி. ஆனா சைலன்சர் உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு, ராத்திரி 11 மணிக்குத் தெருவுல முறுக்கிக்கிட்டு போறது யாருக்காக? டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்துதான் எரியும், புகை கொஞ்சம் வரத்தான் செய்யும். சரியா டியூன் பண்ணி, அளவான ஆயில்ல ஓட்டினா குறையும். நம்ம சந்தோஷம் பின்னாடி வர்றவங்க மூக்குல நெடியா ஏறக் கூடாது. சேவல் கூட விடியறதைச் சொல்லத்தான் கூவும். மத்தவங்க தூக்கத்தைக் கெடுத்து, 'நான் வந்துட்டேன்'னு கத்தறதுக்குப் பேர் கொடி இல்லை, சூரன்.

நாலாவது இடம்தான் முக்கியம். வீடு.

பழனிக் கதை எல்லாருக்கும் தெரியும். ஞானப்பழம் யாருக்குன்னு போட்டி. உலகத்தைச் சுத்தி முதல்ல வர்றவருக்குப் பழம். முருகன் மயில் மேல பறந்தார். அண்ணன் கிட்ட இருந்தது மூஞ்சூறு. அவர் அம்மா அப்பாவைச் சுத்தி வந்தார், பழத்தை வாங்கிட்டார்.

நம்ம சாமி ஜெயிச்ச கதைகளையே பேசறோம். இதுல அவர் பழத்தை விட்டார்ங்கறதைக் கொஞ்சம் யோசிங்க. மூணு உலகத்துலேயும் வேகமான வாகனம் அவர் கிட்டதான் இருந்துச்சு. வேகத்தால கிடைக்கிற பொருளா இருந்தா அந்தப் பழம் அவர் கைக்குத்தான் வந்திருக்கும். அது பக்கத்துல இருக்கிறவங்களைச் சுத்தினவங்களுக்குத்தான் கிடைக்கும்னு நமக்குக் காட்டறதுக்காகவே சாமி இந்தத் திருவிளையாடலை ஆடினார்.

தம்பி, உங்க அம்மா ஏன் வாசப்படியில உட்கார்ந்திருக்காங்க? வண்டி மேல அவங்களுக்குக் கோபம் இல்லை. நீங்க திரும்பி வர்ற சத்தத்துக்காகக் காத்திருக்காங்க. 16 வருஷம் முன்னாடி அந்தச் சத்தத்துக்கு நீங்க வாசலுக்கு ஓடினீங்க. இப்போ அதே சத்தத்துக்கு அம்மா வாசல்ல இருக்காங்க. உங்களுக்குச் சந்தோஷம் கொடுத்த சத்தம் அவங்களுக்குப் பயத்தைக் கொடுக்குது.

ஒண்ணு கேட்கறேன், மனசு வருத்தப்படாதீங்க. ஸ்டைலுக்காக இந்த மாதிரி பழைய வண்டிகள்ல நிறைய பேர் சேலை கார்டைக் கழட்டிடறாங்க. பின்னாடி உட்கார்றவங்க பிடிச்சுக்கிற கைப்பிடியையும் கழட்டிடறாங்க. பார்க்க மொழுக்குன்னு அழகா இருக்கும். ஆனா சேலை கட்டின அம்மா அதுல எப்படி ஏறுவாங்க? உங்க வண்டியிலேயும் அது இல்லைன்னா, முதல் செலவா அதை மாட்டுங்க. பெயின்ட்டு அப்புறம் அடிக்கலாம். அம்மாவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்குங்க. "இது உனக்குத்தாம்மா"ன்னு சொல்லிக் காட்டுங்க. உடனே ஏற மாட்டாங்க. கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு மாசம் நேரத்துக்கு வீட்டுக்கு வாங்க, மெதுவா வாங்க. ஒரு நாள் அவங்களே, "டேய், கோயில் வரைக்கும் கொண்டு போய் விடுறியா?"ன்னு கேட்பாங்க. அன்னைக்குக் கிடைக்கும் பாருங்க, அதுதான் ஞானப்பழம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன்.

பழனியில ரெண்டு இடத்துல முருகனைப் பார்க்கிறோம். அடிவாரத்துல திருஆவினன்குடி. அங்கே குழந்தை வேலாயுத சாமியா மயில் மேல உட்கார்ந்திருக்கார். மலை மேல தண்டாயுதபாணி. அங்கே மயில் மேல இல்லை, கையில ஒரு தண்டம், இடுப்புல கோவணம், நின்ன கோலம். அடிவாரத்துல வாகனத்தோட இருக்கிறவர் உச்சியில வாகனம் இல்லாம நிக்கிறார். நாமளும் அப்படித்தானே போறோம்? எவ்வளவு பெரிய வண்டியில வந்தாலும் அடிவாரத்துல நிறுத்திட்டுத்தான் படியேறணும். வாகனம் கொண்டு வந்து விடும். அதுக்கு மேல காலு.

அந்த மலை மேல இருக்கிற சாமிக்கே சாயரட்சையில ராஜ அலங்காரம் செய்வாங்க. கிரீடம், பட்டு, நகை எல்லாம் போட்டுப் பார்த்தா ராஜா. கலைச்சுட்டா ஆண்டி. "ஆண்டிக்கோலம் பார்த்தா நாமளும் ஆண்டியாயிடுவோம், ராஜ அலங்காரம்தான் பார்க்கணும்"னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது சரின்னு படலை. கிரீடம் வச்சப்போ அவர் முகத்துல இருக்கிற சிரிப்பு, கோவணத்தோட நிக்கிறப்பவும் அதேதான். வச்சாலும் சரி, எடுத்தாலும் சரி, உள்ளே இருக்கிறவர் மாறலை. பொருளை அனுபவிக்கத் தெரிஞ்சவனோட அடையாளம் அதுதான். வண்டி இருக்கா, ராஜா மாதிரி ஓட்டு. நாளைக்கு ஒரு கஷ்டத்துக்கு விக்க வேண்டி வந்தா, ஆண்டி மாதிரி சாவியைக் கொடுத்துட்டு நட. ரெண்டு நாள்லேயும் நீ அதே ஆள்தான்.

ஆர்.சி. புக்ல நம்ம பேர் இருக்கும். அதுக்கு முன்னாடி இன்னொருத்தர் பேர் இருந்துச்சு, நாளைக்கு வேறொருத்தர் பேர் வரும். இடும்பன் ரெண்டு மலையைத் தூக்கிட்டு வந்து இறக்கி வச்சான். மலை மேல ஒரு சின்னப் பையன் நின்னுக்கிட்டு 'இது என்னுடையது'ன்னான். இடும்பன் சண்டைக்குப் போனான், விழுந்தான். எழுந்த பிறகு என்ன ஆனான்? அந்த மலைக்கே காவலன் ஆனான். இன்னைக்கும் படியேறும்போது இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போறோம். உரிமைக்காரன்னு நினைச்ச வரைக்கும் சண்டை, காவலன்னு ஆனதும் மரியாதை. உங்க வண்டிக்கும் நீங்க காவலனா இருங்க. 30 வருஷம் முன்னாடி யாரோ ஆசையா வாங்கி, துடைச்சு வச்சதாலதான் அது உங்க கைக்கு வந்துச்சு. நீங்களும் நல்லா வச்சிருந்து அடுத்தவர் கையில கொடுங்க.

வாகனம் வச்சிருக்கிற எல்லா அடியார்களும் இன்னைக்கு ஒரு சங்கல்பம் எடுத்துக்கலாமா? சாவியைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை 'சரவணபவ'. ஆறு எழுத்து, ஆறு நொடி கூட ஆகாது. சொல்லும்போது மனசுக்குள்ள ஒரு வேண்டுதல்: "முருகா, இந்த வேகத்து மேல நீ உட்காரு. நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்."

சொல்லிட்டு ஹெல்மெட்டை மாட்டுங்க. மெதுவா கிளம்புங்க. போற வழியில எல்லாரும் நல்லா இருக்கட்டும், வீட்டுல காத்திருக்கிறவங்க நிம்மதியா தூங்கட்டும்.

புதுசா வண்டி வாங்கின நண்பர்களுக்கு இதை அனுப்புங்க. மாலை, எலுமிச்சம்பழத்தோட இதுவும் சேர்ந்து போகட்டும்.

வேலுண்டு வினையில்லை. மயிலுண்டு பயமில்லை.
கந்தனுக்கு அரோகரா! முருகனுக்கு அரோகரா!